துரையின் மருந்து நோட்டு

பிப்ரவரி 12, வியாழன்

இந்த நோட்டு எனக்கு வந்ததல்ல, எங்கள் குதிரைக்கு வந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மதிவதனி இன்று துரையைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது என் கையில் திணித்தார். மருந்து கொடுக்கிற நாளெல்லாம் எழுத வேண்டுமாம். எவ்வளவு தின்றான், எப்படி நடந்தான், போட்ட லத்தி எப்படி, ஈறு என்ன நிறம்.

"ரெண்டு வரி போதும் அக்கா. நான் வர்றப்ப வாசிச்சுக்கிறேன்" என்றார். நான் எட்டாவது வரை கான்வென்டில் படித்தவள். எழுதச் சொன்னால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வாசிப்பது அவர் தலையெழுத்து.

துரைக்குப் பதினாறு வயது. பதினோரு வருடமாகக் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி டூரிஸ்ட் பிள்ளைகளைச் சுமக்கிறான். பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் என் வீட்டுக்காரர் இன்னாசி. துரைக்கு வலது முன்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது.

"இது குணமாகாது அக்கா. வலிய அமத்தி வைக்கலாம், அவ்வளவுதான். ஆயுசுக்கும் இந்த மருந்து. ஆனா மருந்தும் சும்மா விடாது. வயித்தைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால மாசாமாசம் ரெண்டாவது வியாழக்கிழமை வந்து பாப்பேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுப்பேன், இன்னைக்கு எடுத்த மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு குதிரைக்கு மாதாமாதம் டாக்டர், ரத்தப் பரிசோதனை! கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இவர் ரத்தத்தைக் கொசுவைத் தவிர யாரும் பார்த்தது கிடையாது.

ஈறு பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மேலுதட்டைத் தூக்கி ஈறில் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். வெளுக்கும். விரலை எடுத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் சிவப்பு திரும்ப வேண்டும். துரைக்குத் திரும்பியது.

மருந்து தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கழுவினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

மருந்து: ஒரு பொட்டலம். படு கசப்பு போலிருக்கிறது, தவிட்டில் கலந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வெல்லத்தில் பிசைந்து உருண்டையாக்கிக் கொடுத்தேன். துரை என்று பெயர் வைத்தால் இப்படித்தான். தின்றான். லத்தி நன்று. ஈறு சிவப்பு.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். தவக்காலம் நாற்பது நாளும் இவர் கறியும் பீடியும் விட்டுவிட்டார், ஒருவேளைச் சாப்பாடு மட்டும். வீம்பு.

துரை நன்றாக நடக்கிறான். இவர்தான் நடக்கவில்லை. கோயில் படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். இரண்டு முழங்காலும் போன வருடத்திலிருந்தே வீக்கம். போன வருடம் மருத்துவ முகாமில் "ஆபரேஷன்" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்தவர், அதற்கப்புறம் வெள்ளைச் சட்டை போட்டவரைக் கண்டால் சந்து மாறிப் போகிறார்.

"ஏப்ரல், மே சீசன் முடியட்டும் பிலோமி. பெறகு பாப்போம்."

"போன சீசனுக்கும் இதைத்தான் சொன்னீங்க."

பிப்ரவரி 20, வெள்ளி

துரைக்கு: ஒரு பொட்டலம். தின்றான். குட்டிக்குதிரை மாதிரி துள்ளுகிறான்.

இவரால் காலையில் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. நான் கை கொடுத்துத் தூக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தவர் கண்ணில் தண்ணீர். நான் பார்க்கவில்லை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டார். அடுப்படியில் போய் நின்று அழுதேன். குதிரை துள்ளுகிறது, மனுஷன் தவழ்கிறார். இது என்ன நியாயம் மாதாவே?

அலமாரியில் துரையின் மருந்து டப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கால் வலிதானே இரண்டு பேருக்கும்.

பிப்ரவரி 21, சனி

துரைக்கு: ஒரு உருண்டை. தின்றான். ஈறு சிவப்பு.

வத்தலக்குண்டிலிருந்து என் அக்கா நாட்டு மருந்துப் பொடி கொடுத்தனுப்பியிருக்கிறாள். இவருக்கு அதையும் வெல்லத்தில் உருட்டிக் கொடுத்தேன்.

"என்னடி இது, எட்டிக்காயாக் கசக்குது?"

"நல்ல மருந்து கசக்கத்தான் செய்யும். முழுங்குங்க."

முழுங்கினார். பாவம், நான் கொடுத்தால் எதையும் கேட்கமாட்டார்.

பிப்ரவரி 27, வெள்ளி

நம்பவே முடியவில்லை. இவர் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, துரைக்குத் தண்ணீர் காட்டி, லாயத்தையும் கூட்டிவிட்டார். நொண்டல் பாதியாகக் குறைந்திருக்கிறது. பக்கத்து லாயம் ரபீக் பாய், அவரிடமும் இரண்டு குதிரை உண்டு, வாயைப் பிளந்துவிட்டார். "மாப்ள, என்னய்யா புது லாடம் அடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டார்.

துரைக்கு உருண்டை கொடுத்தாயிற்று. மேட்டில் ஏறும்போது வலிக்கிற காலை ஊன்றினால் லேசாகத் தலையாட்டுகிறான். குளிர் காரணமாக இருக்கும்.

மார்ச் 4, புதன்

வெல்லம் தீர்ந்துவிட்டது. வாங்கினேன். லத்தி நன்று.

மார்ச் 10, செவ்வாய்

நாளை மறுநாள் டாக்டரம்மா வருகிறார். துரையை நன்றாகக் கவனித்துக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை உண்டு. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் காப்பியில் சர்க்கரையை நிறுத்துவேன். ரிசல்ட் நன்றாக வரும், டாக்டர் பாராட்டுவார். அன்று சாயங்காலமே பழையபடி இரண்டு ஸ்பூன். ஊரில் யார்தான் செய்யவில்லை?

மார்ச் 12, வியாழன்

டாக்டரம்மா வந்தார். துரையை ஓடவிட்டுப் பார்த்தார், திருப்தி. வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டார். வாய்க்குள் டார்ச் அடித்து, நாக்குக்கடியில் சின்னப் புண் இருப்பதைக் காட்டினார். மருந்தின் வேலையாம். போன மாத ரத்தம் பரவாயில்லையாம். நோட்டை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, குதிரையப் பத்தி ரெண்டு வரி, அண்ணனப் பத்தி ஒரு பக்கமா?"

"குதிரை பேசாது டாக்டரம்மா. இவர் பேசிக் கொல்றாரே" என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

இனிமேல் காலை உருண்டையைத் தானே துரைக்குக் கொடுப்பதாக இவர் சொல்லிவிட்டார். "நீ ஏன் அந்தக் குளிர்ல லாயத்துக்கு வர்ற? உருட்டிக் கையில குடு, போதும்." இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக என் குளிரைப் பற்றி நினைத்திருக்கிறார். சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 19, வியாழன்

இன்று இவர் துரையோடு ஏரியை மூன்று சுற்று வந்தார். கடைசிச் சுற்றில் ஒரு சின்னப் பெண் குழந்தை வேகமாகப் போகச் சொல்ல, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்! படகுத்துறையில் நின்று பார்த்தவள் கைதட்டிவிட்டேன். என் கைமருந்துக்கு இவ்வளவு சக்தியா?

ஓடி முடிந்ததும் துரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். வயதாகிறது.

மார்ச் 24, செவ்வாய்

இவருக்கு வாயெல்லாம் புண், வயிற்றில் எரிச்சல். ஒருவேளைச் சாப்பாட்டில் உடம்பு சூடு ஏறியிருக்கிறது. மோர் கொடுத்தேன். விரதத்தை விடச் சொன்னால் கேட்கவில்லை.

துரை: நொண்டல் அதிகம். லத்தி நன்று. தீனி அபாரமாகத் தின்கிறான்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்து ஞாயிறு. ஓலை பிடித்திருந்த இவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி நீலம்.

"கயிறு இழுத்திருக்கும்" என்றார்.

இத்தனை வருடமாக இழுக்காத கயிறா?

ஏப்ரல் 3, வெள்ளி

பெரிய வெள்ளி. மலையில் சிலுவைப் பாதை. ஏழாவது நிலையில் இயேசு இரண்டாம் முறை விழுகிறார். அங்கே இவரும் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, முகம் மெழுகு நிறம். "நோன்பு, நோன்பு" என்று எல்லாரிடமும் சொன்னார். எங்கள் தெருவே இவர் பக்தியைப் பற்றிப் பேசுகிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். பிரியாணி ஆக்கினேன். இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. பல் விளக்கும்போது ஈறில் ரத்தம், நிற்கவே இல்லை. உப்புத் தண்ணீர் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, புதன்

இவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வத்தலக்குண்டு மருந்தை நிறுத்தியிருக்கிறேன். படுத்துக் கிடந்தவர், உருண்டை தயாரானதும் "கொண்டா, நானே குடுக்குறேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு லாயத்துக்குப் போனார். அவ்வளவு பாசம்.

துரை நான்கு கால் எடுத்து வைத்தால் நான்கிலும் தலையாட்டுகிறான். நேற்றும் இன்றும் என்ன கொடுத்தும் கால் சரியாகவில்லை. எனக்கே புரியவில்லை. நாளைக்கு டாக்டரம்மா வருவார். என்ன சொல்லப் போகிறேன்?

ஏப்ரல் 9, வியாழன்

டாக்டரம்மா வந்தார்.

ஏப்ரல் 10, வெள்ளி

மதுரை ஆஸ்பத்திரி வராந்தா. நேற்று ஒரு வரியோடு பேனாவை மூடிவிட்டேன். நடந்ததை இன்று எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். இவர் காய்ச்சலோடு எழுந்து துரையை வெளியே கொண்டு வந்தார். குதிரை இவர்மேல் சாய்கிறதா, இவர் குதிரைமேல் சாய்கிறாரா என்று தெரியவில்லை. பத்தடி நடந்ததுமே டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

வயிற்றுச் சத்தம் கேட்டார். வாயைப் பார்த்தார். ஈறை அழுத்தினார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அக்கா, எனக்கு ஒண்ணு புரியல. எடை கூடியிருக்கு. வாய்ப்புண் ஆறிப்போச்சு. வயிறு கல்லையும் செரிக்குற மாதிரி இருக்கு. ஆனா கால் மட்டும் மோசம். மருந்து தின்ற குதிரைக்குக் கால் நல்லாகி வயிறு கெடும். இவனுக்குத் தலைகீழா நடக்குது. இவன் மருந்தே திங்கல."

"தினம் உருட்டித்தான் குடுக்குறோம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

தீனிப் பெட்டிமேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். முதல் பக்கங்களுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு பக்கம் முன்னால் போனார், திரும்பி வந்தார். விரலை வைத்து வைத்து வாசித்தார்.

"அக்கா, இந்த வாய்ப்புண், வயித்தெரிச்சல், கையில நீலம், ஈறுல ரத்தம். இதெல்லாம் துரைக்கா, அண்ணனுக்கா?"

"இவருக்குத்தான்."

சட்டென்று எழுந்தார். "அண்ணே, இங்க வாங்க. வாயத் திறங்க."

ரபீக் பாய் அங்கே நின்றிருந்தார். "டாக்டரம்மா, பல்லப் பாத்து வயசு சொல்லப் போறீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஐயோ, சிரித்தேனே.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. துரைக்குத் தூக்குவது போலவே இவர் உதட்டைத் தூக்கினார். கட்டைவிரலால் ஈறை அழுத்தினார். அழுத்துவதற்கு முன்பே அது வெள்ளையாகத்தான் இருந்தது. விரலை எடுத்ததும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நானும் மனதுக்குள் எண்ணினேன். சிவப்பு வரவில்லை. டாக்டரம்மாவின் கையுறையில் மட்டும் ரத்தம் இருந்தது.

"அந்த வத்தலக்குண்டு மருந்து எங்க? எடுத்துட்டு வாங்க."

நான் அசையவில்லை.

"அக்கா, திட்டுறதுக்குக் கேக்கல. திட்ட நேரமில்ல. எதைக் குடுத்தீங்க?"

என் கண் என்னைக் கேட்காமலே கதவு வழியாக அலமாரிக்குப் போனது. துரையின் மருந்து டப்பாவுக்கு. அதைப் பார்த்ததும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எத்தன நாளா?"

"பிப்ரவரி இருபத்தொண்ணுல இருந்து."

"நாப்பத்தெட்டு நாள்" என்றார் மெதுவாக. ரபீக் பாய் "யா அல்லா" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம். இருக்காதா?

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டரம்மா மதுரைக்குப் போன் பேசினார், துரைக்கு ஒரு ஊசியில் ரத்தம் எடுத்துக்கொண்டார். ரபீக் பாய் ஜீப்பைக் கொண்டுவந்தார். ஏறும்போது டாக்டரம்மா இந்த நோட்டை என் மடியில் போட்டார். "இதை அங்க உள்ள டாக்டர்கிட்ட குடுங்க. என்னைக்கு என்ன ஆச்சுன்னு இதுலதான் இருக்கு. ஆனா உண்மையச் சொல்லிக் குடுங்க." மலை இறங்கும்வரை இவர் என் தோளில் சாய்ந்து கிடந்தார். உடம்பு கொதித்தது. மூன்று மணி நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 11, சனி

பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். இந்த மருந்தை ஒரு காலத்தில் மனுஷர்களுக்கும் கொடுத்தார்களாம். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற ஊற்றையே அடைத்துவிடுகிறது என்று நிறுத்திவிட்டார்களாம். இவருக்கு வெள்ளணு என்று ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரு தும்மல் போதும், உயிர் போய்விடும். தனி அறையில் வைத்திருக்கிறார்கள். நான் முகத்தையும் வாயையும் மூடிக்கொண்டு போய்க் கால்மாட்டில் உட்காரலாம்.

"ஊத்துத் திரும்ப ஊறுமா டாக்டர்?"

"ஊறலாம். ஊறாமலும் போகலாம். பத்து நாள் பாக்கணும்."

வந்து உட்கார்ந்து இந்த நோட்டைத் திரும்ப வாசித்தேன். இதில் நிறையப் பொய் இருக்கிறது. டாக்டரம்மா வாசிப்பார் என்பதற்காக எழுதிய பொய். திருத்தி எழுதுகிறேன்.

வத்தலக்குண்டு அக்கா எந்த மருந்தும் கொடுத்தனுப்பவில்லை. தினமும் துரையின் பொட்டலத்தில் கால் பங்கைக் கிள்ளி இவருக்கு உருட்டினேன். முக்கால் பங்கைத் துரைக்கு உருட்டிவிட்டு "ஒரு உருண்டை" என்று எழுதினேன். மார்ச் மாதம் டாக்டரம்மா வருவதற்கு முன் இரண்டு நாள் கிள்ளவில்லை, துரைக்கு முழுசாகக் கொடுத்தேன், என் சர்க்கரைப் பரிசோதனைக்குச் செய்வது மாதிரி. ஏப்ரல் 7, 8 தேதிகளிலும் முழுசாகவே உருட்டினேன். இருந்தும் ஏன் நடக்கவில்லை என்று இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று. பிப்ரவரி 12 அன்று டாக்டரம்மா கையைக் கழுவச் சொன்னார் என்று எழுதியிருக்கிறேன். அதோடு அவர் நிறுத்தவில்லை. "மனுஷங்க வாயில படவே கூடாது அக்கா" என்றும் சொன்னார். நான் அதை எழுதவில்லை. அன்று அது பெரிதாகப் படவில்லை. 21ஆம் தேதி கிள்ளும்போது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த பிறகும் கிள்ளினேன். கொஞ்சம்தானே என்று கிள்ளினேன்.

என் கையால் கொடுத்தேன். நான் கொடுத்தால் கேட்கமாட்டார் என்று தெரிந்தே கொடுத்தேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. ஆஸ்பத்திரியில் பாயசம் கொடுத்தார்கள். காய்ச்சல் 103. ரத்தம் ஏற்றுகிறார்கள்.

கால்மாட்டில் உட்கார்ந்து "நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று அழுதேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிக்கமாட்டார் போலிருக்கிறது.

ஏப்ரல் 17, வெள்ளி

மாற்றமில்லை.

ஏப்ரல் 18, சனி

மாற்றமில்லை. ரபீக் பாய் போன் செய்தார். டாக்டரம்மா சொன்னபடி ஒரு பொட்டலம் முழுசாகத் துரைக்குத் தானே கொடுக்கிறாராம். நான்காம் நாளே நொண்டல் குறைந்துவிட்டதாம்.

ஏப்ரல் 20, திங்கள்

வெள்ளணு கொஞ்சம் ஏறியிருக்கிறது! பெரிய டாக்டர் சிரித்தார். நான் அவர் காலில் விழப் போனேன், நர்ஸ் பிடித்து நிறுத்தினாள்.

ஏப்ரல் 29, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். குச்சி ஊன்றி நடக்கிறார். முழங்காலுக்கு முறையான வைத்தியம் மதுரையிலேயே செய்யலாம், உடம்பு தேறட்டும் என்றிருக்கிறார்கள். மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. துரைக்கு இருக்கிற சலுகை இப்போது இவருக்கும்.

என்னோடு அதிகம் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். சோற்றைப் பிசைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். ஒருநாளாவது "ஏண்டி இப்படிச் செஞ்ச?" என்று கேட்டுத் திட்டிவிட்டால் எனக்கு ஆறும். திட்டமாட்டேன் என்கிறார்.

மே 14, வியாழன்

மாதாவே, என்ன நாள் இது! இன்று எழுதுவது கோபத்தில்.

காலையில் டாக்டரம்மா வந்தார். துரை அழகாக நடந்தான். இனி பெரியவர்களை ஏற்றக் கூடாது, சின்னப் பிள்ளைகள் மட்டும், ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்றார். சரி என்றேன். நோட்டை வாங்கி, ஆஸ்பத்திரியில் நான் திருத்தி எழுதியதை வாசித்தார். வாசித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஏப்ரல் 9 அன்று துரையிடம் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட்.

"அக்கா, கணக்கு உதைக்குது. நீங்க கால் பங்குதான் எடுத்திருக்கீங்க. முக்கால் பங்கு துரைக்குப் போயிருக்கணும். கடைசி ரெண்டு நாள் முழுசாவே போயிருக்கணும். ஆனா அன்னைக்கு இவன் ரத்தத்துல மருந்து இருந்ததா பேருக்குத்தான் தெரியுது. அண்ணனுக்கும் உங்க கால் பங்கு மட்டும் போயிருந்தா இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு மோசமாகியிருக்குமான்னு மதுரை டாக்டரும் கேட்டாரு."

"சத்தியமா அவ்வளவுதான் எடுத்தேன் டாக்டரம்மா. இனிமே எனக்கு எதுக்குப் பொய்?"

"அப்ப மீதி எங்க போச்சு?"

துரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்ற இவர், தடவுவதை நிறுத்தாமலே, துரையிடம் சொல்வது போலச் சொன்னார்.

"நான்தான் தின்னேன்."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"மார்ச்சுல அவன் மருந்து தின்னு ஓடுறதப் பாத்தேன் டாக்டரம்மா. ஆசையா இருந்துச்சு. நானே குடுக்குறேன்னு பிலோமிகிட்ட வாங்கிட்டு வந்து, உருண்டையில பாதிய நான் தின்னுட்டுப் பாதிய இவனுக்குக் குடுத்தேன். கடைசில காய்ச்சல் வலி தாங்காம முக்காவாசியும் நானே தின்னேன். இவ வேற ஏதோ வத்தலக்குண்டுப் பொடி குடுத்தா. மொதல்ல வலி கொறஞ்சது நோன்பாலதான்னு இருந்தேன். அந்தப் பொடி ஒண்ணுக்கும் ஆகாத பொடி, பாவம், அவ மனசு நோகக் கூடாதுன்னு முழுங்கிவெச்சேன்."

ஒன்றுக்கும் ஆகாத பொடி! இவரை ஓடவைத்தது என் கைமருந்து என்று நான் பூரித்துக்கொண்டிருந்தேன். தன் திருட்டுதான் ஓடவைத்தது என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரே டப்பாவிலிருந்து இரண்டு பேரும் எடுத்து, ஒருவருக்கொருவர் மறைத்து, இந்த ஒரு உடம்புக்குள் கொட்டியிருக்கிறோம்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் பொய் சொன்னீங்க. இவன் கால் சொல்லல" என்று துரையைக் காட்டினார். "நாப்பத்தெட்டு நாள் வலியோட ஊர்ப் புள்ளைகளச் சுமந்திருக்கான். அதையும் நெனச்சுப் பாருங்க." அப்புறம் பையை எடுத்துக்கொண்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து, மருந்து டப்பாவைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இனி வாரத்துக்கு ஏழு பொட்டலம்தான் தருவாராம். ரபீக் பாய் கையில்.

அவர் போன பிறகு இவரிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரியில நான் கொன்னுட்டேன், கொன்னுட்டேன்னு அழுதேனே. அப்பயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வாயெடுத்தேன் பிலோமி. குதிரை மருந்தத் திருடித் தின்னவன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

வெட்கமாம்! ஏப்ரல் 9 முதல் இன்றுவரை முப்பத்தைந்து நாள். ஒவ்வொரு நாளும் என்னைக் கொலைகாரி என்று நானே சொல்லிக்கொண்டு சோறு இறங்காமல் கிடந்தேன். கோபத்தில் பேசவில்லை என்று நினைத்தேன். இந்த மனுஷர் வெட்கத்தில் பேசவில்லை! வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். இருபத்தாறு வருடத்தில் திட்டாத வார்த்தையெல்லாம் வந்தது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அழுதார். நானும் அழுதேன். துரை தீனித் தொட்டியை உருட்டினான்.

"வாயத் திறங்க" என்றேன்.

"எதுக்குடி?"

"திறங்கன்னா திறங்க."

உதட்டைத் தூக்கி ஈறில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், வலிக்கட்டும் என்று கொஞ்சம் பலமாகவே. வெளுத்தது. விரலை எடுத்தேன். ஒன்று. இரண்டு சொல்வதற்குள் சிவப்பு திரும்பிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் என்னால் உட்கார முடிந்தது.

துரைக்கு: ஒரு பொட்டலம், முழுசாக. கொடுத்தது ரபீக் பாய், பார்த்தது நான். லத்தி நன்று. ஈறு சிவப்பு.

இவருக்கு: கஞ்சி இரண்டு டம்ளர். ஈறு சிவப்பு. அதற்கப்புறம் நான் இன்னும் பேசவில்லை.